கடைசி நொடிக்கு முன்னர்

ஒருவரும் விரும்பாத சாவு ஒன்று நிகழ்ந்துவிடுகிறது. அதனைச் செய்த கை பகையினால் செய்யவில்லை, அச்சத்தினால் செய்தது. மாண்டவன் கொடியவன் அல்லன், நோயுற்றவன். உதவி வேண்டி அழைப்பு விடுத்தவர்களோ அவனுடைய சொந்தக் குடும்பத்தார். இத்தகைய நிகழ்ச்சியில் பொறுப்பு யாரைச் சாரும்? துப்பாக்கி வெடித்த அந்த ஒரு நொடியை மட்டும் எடுத்து நிறுத்துப் பார்ப்பது நீதியாகுமா? அந்த நொடிக்கு முன் கழிந்த நாழிகைகளையும் நாட்களையும் ஆண்டுகளையும் சேர்த்தே நிறுக்க வேண்டுமா? இவ்வினாவை இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம்.

மனநோயுற்ற இளைஞர்கள், சிறப்பாக இருமுனை மனநோய் உடையவர்கள், காவல்துறையினரை எதிர்கொள்ளும் வேளைகளில் நேரும் துன்பங்களைப் பற்றி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக விவாதம் நடந்துவருகிறது. அந்நாட்டின் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2015ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுகள் தொகுத்த கணக்கின்படி, காவலர் துப்பாக்கியால் சுடப்பட்டு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,000 பேர் உயிரிழந்துள்ளனர். அவர்களுள் ஐவரில் ஒருவர் மனநோய்க்கு உள்ளானவர் என்று அறியப்பட்டவர். ஆகவே இது எங்கோ ஒரு முறை நேர்ந்த விபத்தன்று. மீண்டும் மீண்டும் நிகழ்வது. மீண்டும் மீண்டும் நிகழ்வதை விதியின் மேல் ஏற்றிவிட்டு அமைதி கொள்ளுதல் அறிவுடைமை ஆகாது.

நோயின் இயல்பு

முதலில் நோயின் இயல்பை அறிந்துகொள்ளுதல் வேண்டும். பைபோலார் என்று மருத்துவர்கள் கூறும் இருமுனை மனநோயில், மனம் ஒரு காலத்தில் அளவு கடந்த கிளர்ச்சிக்கும் மற்றொரு காலத்தில் ஆழ்ந்த சோர்வுக்கும் ஆட்படுகிறது. கிளர்ச்சிக் காலத்தை மேனியா என்பர். அப்பொழுது உறக்கம் இரண்டு மூன்று மணி நேரமாகக் குறைந்துவிடும். ஆயினும் களைப்புத் தோன்றாது. பேச்சு வெள்ளமாகப் பெருகும். எண்ணங்கள் ஒன்றையொன்று துரத்தும். கையிலுள்ள பொருளைக் கணக்கின்றிச் செலவிடத் தோன்றும். சிறு தடையும் பெருஞ்சினத்தை மூட்டும். நோய் முற்றிய நிலையில், தாம் இறைவனால் அனுப்பப்பட்டவர் என்றோ, தம்மைக் கொல்லச் சிலர் சூழ்ந்து நிற்கின்றனர் என்றோ சிலர் உறுதியாக நம்பிவிடுவர்.

இந்நோய் பெரும்பாலும் பள்ளி முடித்துக் கல்லூரியிலோ வேலையிலோ காலெடுத்து வைக்கும் பருவத்தில், அதாவது பதினைந்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. அதனால் தொடக்கத்தில் வாலிபத் திமிர் என்றும், கூடா நட்பு என்றும், கஞ்சாவின் வேலை என்றும் வீட்டார் எண்ணிவிடுதல் இயல்பே. இந்நோயுடையோருள் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர்கள். மருந்தும் ஒழுங்கான உறக்கமும் உறவினர் துணையும் அமைந்தால் படித்தும் பணியாற்றியும் இல்லறம் நடத்தியும் வாழ்கின்றனர். லித்தியம் என்னும் எளிய உப்பு இந்நோயைத் தணிக்கும் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். இன்றளவும் அம்மருந்து பயன்பாட்டில் உள்ளது.

ஆனால் மேனியாவின் உச்சத்தில் தெருவில் நிற்கும் இளைஞனைக் காணும் காவலர் கண்ணுக்கு இவற்றுள் ஒன்றும் தெரிவதில்லை. உரக்கப் பேசுபவன், சொன்னதைக் கேளாதவன், கண் நிலைகொள்ளாதவன், ஓரிடத்தில் நில்லாதவன் என்பதே அவருக்குத் தெரிகிறது. போதையின் அடையாளங்களும் இவையே. எதிர்ப்பின் அடையாளங்களும் இவையே. நோயின் குறியும் குற்றத்தின் குறியும் ஒரே உருவில் வந்து நிற்பதுதான் இங்கே எழும் இடர்ப்பாட்டின் வேர்.

பிலடெல்பியாவில் நிகழ்ந்தது

2020ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் பிலடெல்பியா நகரின் மேற்குப் பகுதியில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். இருமுனை மனநோய் உடைய 27 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் அன்று நிலைகுலைந்திருந்தார். அவருக்கு மனைவியும் மக்களும் இருந்தனர். மனைவி அப்பொழுது நிறைமாதக் கர்ப்பிணி. தாங்கள் ஆம்புலன்ஸ் வண்டியைத்தான் கேட்டதாகக் குடும்பத்தார் கூறினர். அன்று அதற்கு முன்பும் காவலர் அவ்வீட்டிற்கு வந்து சென்றதுண்டு என்றும் கூறினர். இறுதியில் வந்தவர்கள் இரு காவலர்கள். இளைஞர் கையில் கத்தி இருந்தது. கத்தியைக் கீழே போடும்படி காவலர் கூவினர். அவர் போடவில்லை. தாய் மகனைத் தடுக்க முயன்றவாறே பின்தொடர்ந்தார். மகனுடைய நோயைப் பற்றி அவருடைய மனைவி காவலரிடம் சொன்னதாகக் குடும்பத்தின் வழக்கறிஞர் பின்னர் தெரிவித்தார். காவலர் வந்த சிறிது நேரத்திற்குள் இருவரும் சேர்ந்து ஏறத்தாழ 14 முறை சுட்டனர். தாயின் கண்ணெதிரே மகன் வீழ்ந்தார்.

அவ்விரு காவலரிடமும் உயிரைப் போக்காமல் ஒருவரைச் செயலிழக்கச் செய்யும் டேசர் என்னும் மின்னதிர்ச்சிக் கருவி இல்லை. மறு ஆண்டில் அந்நகராட்சி குடும்பத்தாருக்கு 25 லட்சம் டாலர் இழப்பீடு தர இசைந்தது. சுற்றுக் காவலர் அனைவருக்கும் அக்கருவியை வழங்கவும் ஒப்புக்கொண்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'இவர் நோயாளி' என்ற சொல் அங்கே சொல்லப்பட்டதாகவே கொள்வோம். சொல்லப்பட்டும் அது பயன்படவில்லை. ஏன்? அச்சொல்லைக் கேட்டவரின் கையில் அதற்கேற்ற கருவி இல்லை. அவர் கற்ற பயிற்சியில் அதற்கேற்ற வழி வேரூன்றியிருக்கவில்லை. அவர் தமக்கு எடுத்துக்கொண்ட நேரமும் அதற்குப் போதவில்லை. செவியில் விழுந்த உண்மை செயலாக மாறுவதற்கு வேண்டிய எதுவும் முன்கூட்டியே அமைக்கப்படவில்லை.

சட்டத்தின் தராசு

இனிச் சட்டம் என்ன கூறுகிறது என்று பார்ப்போம். காவலர் பயன்படுத்தும் பலத்தை எந்த அளவுகோலால் அளப்பது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டு கிரஹாம் - கானர் வழக்கில் வகுத்தது. அவ்விடத்தில் நிற்கும் அறிவார்ந்த காவலர் ஒருவர் அப்பொழுது எப்படி எண்ணியிருப்பார் என்பதே அளவு. நிகழ்ந்து முடிந்தபின் கிடைக்கும் தெளிவைக்கொண்டு பழி கூறலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கண நேரத்தில் முடிவெடுக்க நேர்ந்தவனை, நாற்காலியில் அமர்ந்து பல நாள் ஆராய்பவன் எளிதில் பழித்துவிடக் கூடாது. ஆனால் அவ்வழக்கு எழுந்த வரலாற்றை அறிந்தால் வியப்பே மேலிடும். 1984ஆம் ஆண்டு வட கரோலினாவின் ஷார்லட் நகரில் நீரிழிவு நோயாளி ஒருவர், இன்சுலின் காரணமாகச் சர்க்கரை குறைந்து மயக்கம் வருவதை உணர்ந்து, பழச்சாறு வாங்க ஒரு கடைக்குள் விரைந்தார். அங்கே வரிசை நீண்டிருந்ததால் உடனே வெளியே விரைந்தார். இதனைக் கண்ட காவலர் ஐயுற்று அவர் சென்ற காரை நிறுத்தினார். உடன் வந்த நண்பர் நோயைப் பற்றிச் சொன்னார், ஏற்கப்படவில்லை. அவர் குடித்திருக்கிறார் என்றே கருதப்பட்டது. கைகள் பிணைக்கப்பட்டன. சர்க்கரை நோயாளி என்பதற்கான அட்டை தம் பணப்பையில் இருப்பதாகச் சொல்லியும் பார்க்கவில்லை. கால் எலும்பு முறிந்தது. கடையில் குற்றம் எதுவும் நிகழவில்லை என்று தெரிந்தபின் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டனர்.

நோயைக் குற்றமாகக் கண்ட ஒரு பிழையிலிருந்தே பலத்தை அளக்கும் அளவுகோல் பிறந்தது. உடல்நோய்க்கே இந்நிலை என்றால், வெளியில் காட்ட அட்டையும் இல்லாத மனநோய்க்கு என் செய்வது?

அவ்வளவுகோலைச் சில கீழ் நீதிமன்றங்கள் மேலும் குறுக்கின. ஆபத்துத் தோன்றிய அந்த ஒரு நொடியை மட்டுமே பார்ப்போம். அதற்கு முன் காவலர் என்ன செய்தார் என்பது எங்களுக்குத் தேவையில்லை என்று அவை கூறின. 2025ஆம் ஆண்டு மே மாதம், பார்ன்ஸ் - பெலிக்ஸ் வழக்கில், உச்ச நீதிமன்றம் இக்குறுகிய நோக்கை ஒருமனதாகத் தள்ளிவிட்டது. அது மனநோய் பற்றிய வழக்கன்று. டெக்சஸ் மாநிலத்தில் சாலையில் நிறுத்தப்பட்ட ஒரு காரைப் பற்றியது. எனினும் அதன் கருத்து நம் பொருளுக்கு நேராகப் பொருந்துகிறது: சூழ்நிலை முழுவதையும் பார்க்க வேண்டும்; முன் நிகழ்ந்தவை பின் நிகழ்ந்ததன் பொருளை விளக்குகின்றன. காவலர் தாமே ஆபத்தை உண்டாக்கிக்கொண்டால் அதனை எவ்வாறு கருதுவது என்ற வினாவை மட்டும் நீதிமன்றம் முடிவு செய்யாமல் விட்டுவைத்தது. சட்டம் விட்டுவைத்த அவ்வினாவை அறம் விட்டுவைக்க இயலாது.

காவலரின் உயிரும் உயிரன்றோ?

இங்கே தடை ஒன்று எழும். 'கத்தியுடன் ஒருவன் நெருங்கி வருகிறான். காவலருக்கும் மனைவி மக்கள் உண்டு. அவர் சாக வேண்டுமா?' என்று கேட்பர். நேர்மையான கேள்வியே. நோயாளியின் உயிருக்கு இரங்குவோர் காவலரின் உயிரை எளிதாக எண்ணிவிடலாகாது. கத்தி பிடித்தவன் நோயாளி என்பதால் கத்தியின் கூர்மை மழுங்கிவிடுவதில்லை.

சால்ட் லேக் நகரக் காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் என்பார் 1983ஆம் ஆண்டு ஒரு கணக்கை எழுதினார். கத்தியேந்திய ஒருவன் 21 அடித் தொலைவை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான். காவலர் துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அதே நேரம்தான் ஆகும் என்பது அக்கணக்கு. அதனை நினைவூட்டும் எச்சரிக்கையாகவே அவர் எழுதினார். பின்வந்தோர் பலர் அதனை '21 அடிக்குள் வந்தால் சுடலாம்' என்னும் விதியாகவே மனத்தில் பதித்துக்கொண்டனர்.

ஆனால் அதே கணக்கை வேறு வகையாகவும் படிக்கலாம் அல்லவா? 21 அடி ஆபத்தானது என்றால் 50 அடி தள்ளி நிற்கலாம். காருக்குப் பின்னால் நிற்கலாம். பூட்டிய அறைக்குள் தனியே இருப்பவனைக் கதவை உடைத்துச் சந்திக்காமல், கதவுக்கு வெளியே அமர்ந்து பேசலாம். ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேச, மற்றவர் வாய் மூடியிருக்கலாம். கடத்த முடிந்தவரை நேரத்தைக் கடத்தலாம். தொலைவும் மறைவும் நேரமும் நோயாளியைக் காப்பது போலவே காவலரையும் காக்கின்றன.

இது வெறும் ஆசைமொழி அன்று. இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு அமைந்த பயிற்சியை கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரக் காவலர் பெற்றபின் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தனர். பலம் பயன்படுத்திய நிகழ்ச்சிகள் 28 விழுக்காடு குறைந்தன. பொதுமக்கள் காயமுறுதல் 26 விழுக்காடு குறைந்தது. காவலர் காயமுறுதல் 36 விழுக்காடு குறைந்தது. கடைசி எண்ணை நாம் ஊன்றி நோக்க வேண்டும். மென்மையினால் மிகுதியாகப் பயன்பெற்றவர்கள் காவலர்களே. 'அவன் உயிரா, என் உயிரா' என்ற கேள்வி, நெருங்கிச் சென்று நின்ற பிறகே பிறக்கிறது. நெருங்காமல் இருந்திருந்தால் அக்கேள்விக்கே இடமில்லை.

காவலர் ஏன் வந்தார்?

இன்னும் ஒரு படி பின்னோக்கிச் செல்வோம். நோயாளியின் வீட்டிற்குக் காவலர் ஏன் வர நேர்ந்தது? நெஞ்சுவலி என்றால் மருத்துவ வண்டி வருகிறது. மனம் கலங்கினால் மட்டும் துப்பாக்கி ஏந்தியவர் ஏன் வருகிறார்?

1841ஆம் ஆண்டு டோரதியா டிக்ஸ் என்னும் ஆசிரியை மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிறைக்குச் சமய வகுப்பு நடத்தச் சென்றார். குற்றம் ஏதும் செய்யாத மனநோயாளிகள் குளிர்காய நெருப்பும் இல்லாத அறைகளில் அடைபட்டிருப்பதைக் கண்டார். மாநிலம் முழுவதும் சுற்றிப் பார்த்து 1843ஆம் ஆண்டு சட்டமன்றத்திற்கு முறையிட்டார். அவர் போன்றோர் முயற்சியால் மனநோய் மருத்துவமனைகள் பெருகின. 1955ஆம் ஆண்டளவில் மாநில மருத்துவமனைகளில் 5,50,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவற்றிலும் கொடுமைகள் மலிந்தன. புதிய மருந்துகள் வந்தன. 1963ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் கென்னடி, ஊர்தோறும் மனநல நிலையங்கள் அமைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரிய மருத்துவமனைகளின் கதவுகள் திறந்தன. நோயாளிகள் வெளியே வந்தனர். ஆனால் அவர்களை ஏற்க வேண்டிய நிலையங்களோ திட்டமிட்ட அளவில் எழவேயில்லை. 2016ஆம் ஆண்டில் மாநில மருத்துவமனைகளில் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 38,000 படுக்கைகளே.

ஒரு கதவைத் திறந்தவர்கள் மறு கதவை அமைக்கவில்லை. நடுவில் கிடந்தது தெரு. இரவு இரண்டு மணிக்கும் அழைத்தவுடன் தெருவுக்கு வரக்கூடியவர் காவலர் ஒருவரே. இப்படித்தான் எவரும் கேளாமலே அவர் நாட்டின் மனநோய் மருத்துவர் ஆகிவிட்டார். டோரதியா டிக்ஸ் கண்ட காட்சியும் மீண்டுவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ நகரங்களின் சிறைகள் நாட்டிலேயே மிகுதியான மனநோயாளிகள் தங்கும் இடங்களுள் எண்ணப்படுகின்றன.

இவ்வாறு பார்க்கையில் கடைசி நொடியில் நின்ற காவலர், தாம் எழுதாத ஒரு நாடகத்தின் இறுதிக் காட்சியில் தள்ளிவிடப்பட்டவராகத் தோன்றுகிறார். அதனால் அவருக்குப் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. ஆனால் அவர் ஒருவர் மீது முழுப் பழியையும் ஏற்றிவிட்டு, நிதி ஒதுக்காத ஆட்சியினரும், வரியைக் குறைக்கச் சொன்ன மக்களும், தொலைபேசி அழைப்பை யாருக்கு அனுப்புவது என்று தீர்மானித்த அலுவலகமும் கை கழுவிவிடுதல் முறையன்று.

மாற்று வழிகள்

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில், கத்தியால் தம்மையே கீறிக்கொண்டிருந்த 27 வயது மனநோயாளி ஒருவரைக் காவலர் சுட்டுக் கொன்றனர். ஊர் கொதித்தது. மறு ஆண்டு காவல்துறையும் பல்கலைக்கழகங்களும் மனநோயாளிகளின் குடும்பத்தாரும் ஒன்றுகூடி, விரும்பி முன்வரும் காவலருக்கு 40 மணி நேரப் பயிற்சி அளிக்கும் முறையை வகுத்தனர். நோயாளிகளே வந்து காவலரிடம் தம் அனுபவத்தைக் கூறுதல் அப்பயிற்சியின் ஒரு பகுதி. இன்று அம்முறை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான ஊர்களுக்குப் பரவியுள்ளது. இதனால் காவலரின் அறிவும் மனப்பான்மையும் மேம்படுகின்றன என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் காயங்களும் சாவுகளும் குறைகின்றன என்பதை அவை ஒருமித்து உறுதிப்படுத்தவில்லை. மெம்பிஸில் மாண்டவருக்கும் 27 வயது; 33 ஆண்டுகள் கழித்துப் பிலடெல்பியாவில் மாண்டவருக்கும் 27 வயது. பயிற்சி மட்டும் போதாது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே காவலரையே அனுப்பாத வழியைச் சில நகரங்கள் நாடின. ஆரிகன் மாநிலத்தின் யூஜின் நகரில் 1989ஆம் ஆண்டு முதல், மருத்துவப் பணியாளரும் நெருக்கடிக் காலத் துணையாளரும் ஆயுதமின்றி ஒரு வண்டியில் சென்று உதவிவந்தனர். டென்வர் நகரம் 2020ஆம் ஆண்டு இத்தகைய முறையைத் தொடங்கியது. அம்முறை செயற்பட்ட பகுதிகளில் சிறு குற்றங்கள் பற்றிய பதிவுகள் 34 விழுக்காடு குறைந்தன என்று 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறிற்று. அதே ஆண்டு ஜூலை மாதம் முதல் 988 என்னும் மூன்றெழுத்து எண்ணில் மனநல உதவியை அமெரிக்கா முழுவதும் பெறலாயிற்று. ஆனால் யூஜின் நகரில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த அந்தச் சேவை, பணமுடையால் 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கே நின்றுபோயிற்று. நன்மை தானே நிலைத்திராது. ஆண்டுதோறும் எவரேனும் அதற்கு விலை கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

நோயாளிக்குப் பொறுப்பில்லையா?

மற்றொரு தடையும் எழும். 'மருந்தை ஒழுங்காக உண்டிருந்தால் இது நேர்ந்திராதே. அவன் செய்ததற்கு அவனே பொறுப்பு' என்பர். நோய் தெளிந்த காலத்தில் மருந்தை நிறுத்திவிடுவோர் பலர் உண்டு என்பது உண்மையே. ஆனால் தனக்கு நோயே இல்லை என்று தோன்றுவது இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்று. காய்ச்சல் உடையவனை 'ஏன் சுடுகிறாய்?' என்று கேட்பது பொருந்துமா? மேலும் மருந்தை நிறுத்திய பிழைக்குத் தண்டனை மரணம் என்று எந்த நீதி நூலும் கூறவில்லை.

ஆயினும் நோயாளியைப் பொறுப்பே இல்லாத பொம்மையாகக் கருதுவதும் அவரை இழிவுபடுத்துவதாகும். இதற்கு நல்வழி காட்டியவர் கே ஜாமிசன் என்னும் அம்மையார். அவர் மனநல மருத்துவத் துறைப் பேராசிரியர். இருமுனை மனநோயை ஆராய்ந்தவர். அந்நோயை உடையவரும் கூட. கடுஞ்சோர்வு மீண்டும் தம்மைப் பற்றினால், தாம் மறுத்தாலும் தம்மை மருத்துவமனையில் சேர்க்கவும் மின்சிகிச்சை அளிக்கவும் தம் மருத்துவருக்கும் குடும்பத்தாருக்கும் அதிகாரம் அளித்து, தெளிந்த காலத்திலேயே ஏற்பாடு செய்துகொண்டதாக 1995ஆம் ஆண்டு வெளியான தம் வாழ்க்கை நூலில் அவர் எழுதினார். தெளிந்த மனம் கலங்கிய மனத்திற்குக் காவல் வைக்கிறது. நோயாளியின் பொறுப்பு உண்மையாகச் செயற்படக்கூடிய இடம் இதுவே. அதுவும் கடைசி நொடியில் இல்லை. அதற்கு வெகு முன்னரே உள்ளது.

இம்சை என்பது கொல்ல நினைக்கும் நினைவில் மட்டும் பிறப்பதன்று, விழிப்பின்மையிலும் பிறக்கிறது என்பது நம் மரபில் வந்தோர்க்குப் புதிய செய்தியன்று. பார்த்து அடியெடுத்து வைக்காதவன் கால்பட்டு எறும்பு மாண்டால், 'நான் நினைத்துச் செய்யவில்லை' என்று கூறி அவன் முற்றும் தப்ப முடியாது. ஒரு நகரமும் ஓர் அரசும் ஒரு குடும்பமும் இவ்வாறே பார்த்து நடக்க வேண்டியவை. நினையாமல் விட்டதும் செயலே.

நம் நாட்டுச் சட்டமும் நம் வீடுகளும்

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள். நம் ஊர்க் காவலர் அவ்வளவு எளிதில் துப்பாக்கியை எடுப்பதில்லை என்று சிலர் கூறலாம். ஆனால் மனம் கலங்கிய பிள்ளையை யார் சந்திக்கிறார், எப்படிச் சந்திக்கிறார் என்ற வினா எந்நாட்டுக்கும் பொது. நம் நாட்டுச் சட்டமே அதற்கு விடை கூற முற்பட்டுள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு காவலரின் கடமையை வரையறுக்கிறது. தம்மைக் காத்துக்கொள்ள இயலாமல் அலையும் மனநோயாளியைக் காவலர் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கலாகாது. ஜாமிசன் அம்மையார் செய்துகொண்டது போன்ற முன்னேற்பாட்டை எழுத்தில் செய்துவைக்கும் உரிமையையும், தமக்காகப் பேச ஒருவரை நியமிக்கும் உரிமையையும் அதே சட்டம் நோயாளிக்கு வழங்கியுள்ளது. 14416 என்ற எண்ணில் அழைத்தால் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறும் வசதியை மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம்.

சட்டம் இருந்தும் அதனைப் பயன்படுத்தத் தடையாக நிற்பது பல வீடுகளில் நாணமே. மகனுக்கு நோய் என்று தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது என்று அஞ்சுகிறோம். உறவினருக்குத் தெரியாமல் வெளியூர் மருத்துவரிடம் காட்டுகிறோம். அடுத்த வீட்டாரிடம் 'பரீட்சைப் படிப்பினால் களைப்பு' என்று கூறிவைக்கிறோம். இவ்வாறு மறைத்து வளர்க்கப்படும் பிள்ளையின் நோயை, அவன் தெருவில் இறங்கிக் கூச்சலிடும் நாளில் அறிந்தவர் ஒருவரும் இருப்பதில்லை. அன்று அவனைச் சுற்றி நிற்போர் அனைவரும் அந்நியர்கள். அந்நியரின் அச்சத்திடம் நம் பிள்ளையை ஒப்படைப்பது நாமேயன்றோ?

ஆதலின் செய்யத்தக்கவை சில உண்டு. அவை பெரிய தவங்களும் அல்ல. மூன்று நாள் உறங்காத பிள்ளையைக் கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல். தெளிந்திருக்கும் நாளில் அவனோடு அமர்ந்து, 'மீண்டும் இப்படி ஆனால் யாரை அழைக்கட்டும்? யார் பேசினால் நீ கேட்பாய்? எந்த மருத்துவமனை உனக்குச் சம்மதம்?' என்று கேட்டு எழுதிவைத்தல். நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டார் இருவருக்கேனும் உண்மையைச் சொல்லிவைத்தல். வீட்டில் கூரிய கருவிகளை எட்டாத இடத்தில் வைத்தல். காவலரை அழைத்தே தீரவேண்டிய நிலை வந்தால், முதல் வாக்கியத்திலேயே நோயின் பெயரையும், கையில் ஆயுதம் உண்டா இல்லையா என்பதையும், எந்தக் குரலுக்கு அவன் அமைதியடைவான் என்பதையும் சொல்லுதல்.

துப்பாக்கி ஏந்தியவர் அந்த நொடியில் செய்ததை நீதிமன்றம் ஆராயட்டும். அது அதன் கடமை. அந்த நொடி வருவதற்கு முன் உள்ள காலம் நம் கையில் இருக்கிறது. அதில் நாம் செய்யாமல் விடுவனவற்றிற்கு விடை கூற வேண்டியவர்களும் நாமே.